அனுபவ பாத்தியதை

கோதண்டபாணி சைக்கிளில் யாரையும் பின்னால் ஏற்றிக்கொள்ள மாட்டார். கட்டிய பெண்டாட்டியைக்கூட. டபுள்ஸ் போனால் போலீஸ் பிடிக்கும் என்பது அந்த நாளில் குழந்தைக்கும் தெரியும். சிவப்புத் தொப்பி கண்ணில் பட்டதும் பின்னால் இருப்பவன் குதித்து, நான் யாரோ அவன் யாரோ என்று நாலு எட்டு நடந்து, மூலை திரும்பியதும் மறுபடி ஏறிக்கொள்வான். அந்தக் குதிக்கிற வேலையே வேண்டாம் என்று இருந்த ஒரே ஆள் ஓரேரிப்பாக்கத்தில் இவர்தான். கருட சேவைக்குச் சின்ன காஞ்சிபுரம் போகவேண்டுமானால் இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பார். கிருஷ்ணவேணி பக்கத்தில் நடப்பாள்.

"சைக்கிளும் சாமி பாக்க வருதா?" என்று அவள் கேட்காத வருஷம் இல்லை.

"சட்டம்னு ஒண்ணு இருக்குது வேணி."

"இருக்குது, இருக்குது. என் காலுக்குத்தான் இருக்குது."

இப்படிப்பட்ட மனுஷனைத் தேடித்தான் வம்பு வரும். வந்தது. அதையும் அவரே மனுப்போட்டு வரவழைத்தார் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

திருப்புட்குழிக்குத் தெற்கே, ஓரேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே அவருக்கு ஒன்றேகால் காணி நஞ்சை. சாலையிலிருந்து நிலத்துக்குப் போக ஒரு மாட்டுவண்டிப் பாட்டை. பாட்டைக்கு அந்தப் பக்கம் ராஜகோபாலின் நிலம். ஊரார் கோதண்டபாணியின் நிலத்தில் புல் அறுப்பார்கள், ஆடு விடுவார்கள், குறுக்கே நடந்து வரப்பை உடைப்பார்கள். கேட்டால், "எல்லை எதுன்னு தெரியலியேபா" என்பார்கள். எல்லை தெரிந்தால் ஒருத்தனும் கால் வைக்கமாட்டான் என்று இவர் நம்பினார். அறுபத்தாறாம் வருஷம் தை அறுப்பு முடிந்ததும் அளந்து காட்டச் சொல்லி மனுப் போட்டார்.

சர்வேயர் சங்கிலியோடு வந்தார். முள்ளுக்குள் புதைந்து கிடந்த கற்களைத் தேடி எடுத்து நிமிர்த்தினார். கோதண்டபாணி ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தார். அரை மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது.

"இந்தக் கல்லோட உன் நிலம் முடிஞ்சுது" என்றார் சர்வேயர், வரைபடத்தை விரித்தபடி, ஏரிக்கரைவரை கேட்கிற குரலில். "பாட்டை உன்னுது இல்லே. எதிர் நிலத்துக்காரருதும் இல்லே. இது வண்டிப்பாட்டை புறம்போக்கு."

எதிர் நிலத்துக்காரன் அப்போது தன் வரப்பில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். தடவின விரல் அப்படியே நின்றது.

அதுவரை ராஜகோபால் அந்தப் பாட்டை கோதண்டபாணியுடையது என்றே நினைத்திருந்தான். அந்த மரியாதையில்தான் தொடாமல் இருந்தான். யாருடையதும் இல்லை என்று சர்க்கார் ஆளே வந்து உரக்கச் சொல்லிவிட்ட பிறகு அவனுக்கு என்ன தயக்கம்? ஆடி மாசம் முதல் மழை விழுந்ததும் தன் நிலத்தோடு சேர்த்துப் பாட்டையையும் உழுதான். சாலை ஓரம் கிளுவைக் கொம்பு நட்டு வேலி போட்டான். வேலிக்கு முன்னால் நாலு கல்லை வரிசையாக வைத்துச் சுண்ணாம்பு அடித்தான். டவுனில் பெயர்ப்பலகை எழுதுகிறவனிடம் சொல்லி ஒரு பலகையும் மாட்டினான். 'அந்நியர் பிரவேசிக்கக் கூடாது. மீறினால் தண்டிக்கப்படுவர்.'

கோதண்டபாணி அந்தப் பலகையின்முன் வண்டியும் மாடுமாக நின்றார். வண்டியில் எரு இருந்தது.

"ராஜகோபாலு, இன்னாடா இது?"

"ணா, வாங்கணா. சுண்ணாம்பு அடிச்சா நல்லா எடுப்பா இருக்குது இல்லே? உங்களப் பாத்துதான் கத்துக்கினேன்."

அவன் நக்கல் பண்ணவில்லை. உண்மையாகவே சொன்னான். ராஜகோபால் எப்போதும் சிரித்த முகம். அவனிடம் சண்டைக்குப் போகிறவனுக்குச் சண்டையே கிடைக்காது. அதுதான் கோதண்டபாணியை இன்னும் எரிய வைத்தது.

மறுநாள் காலை அவர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார். ஹெட் கான்ஸ்டபிள் தாவீது நல்ல மனுஷர். பெஞ்சில் உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். கோதண்டபாணிக்கு அந்தப் பேனா மூடும் சத்தம் பிடிக்கவில்லை.

"இது சிவில் மேட்டர்பா."

"அப்படின்னா?"

"அவன் உன்ன அடிச்சானா? திட்டினானா? உன் நிலத்துல நொழஞ்சானா?"

"இல்ல சார். பாட்டைய அடைச்சிட்டான்."

"பாட்டை உன்னுதா?"

"சர்க்காருது சார்."

"அப்ப சர்க்கார்தான் புகார் குடுக்கணும்."

"நீங்க சர்க்கார் இல்லியா சார்?"

தாவீது சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "கர்ணத்தைப் போய்ப் பாரு."

ஊர் நிலக்கணக்கு எழுதுகிற கர்ணம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, புறம்போக்கை ஆக்கிரமித்தால் அதற்கென்று பி மெமோ என்று ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஆக்கிரமித்தவன் பெயர், இடம், அளவு எல்லாம் எழுதி மேலே அனுப்புவார், அபராதம் விழும், கட்டினால் ரசீது. கோதண்டபாணிக்கு உயிர் வந்தது. சட்டம் இருக்கிறது என்று தான் சொன்னது வீண்போகவில்லை.

"அபராதம் கட்டினதும் வேலியப் பிரிச்சிடுவானா சாமி?"

"அபராதம் போடுவோம்னேன்."

"அது சரி. வேலி?"

"அபராதம் போடுவோம்" என்றார் கர்ணம் மூன்றாம் முறை, செவிடனிடம் சொல்வதுபோல.

போட்டார்கள். ராஜகோபால் மறுநாளே கட்டினான். வேலி இருந்த இடத்தில் இருந்தது; கிளுவை துளிர்விட்டு நன்றாக வளர்ந்தது.

அந்தத் தை அறுப்பு தலைச்சுமையில்தான் வந்தது. பாட்டை இருந்தால் நாலு நடை வண்டி. பாட்டை இல்லாமல், வழுக்குகிற வரப்பில், பிறத்தியார் நிலத்தைச் சுற்றிக்கொண்டு, கட்டுக் கட்டாக. முதல் நாள் வந்த ஆட்கள் இரண்டாம் நாள் வரவில்லை. கிருஷ்ணவேணி சுமந்தாள். கழுத்து திருப்ப முடியாமல் பத்து நாள் கிடந்தாள். அடுத்த வருஷம் அறுத்துப் போட்ட கட்டுகளை எடுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதி நெல் களத்துக்கு வராமல் வயலிலேயே முளைத்தது. மூன்றாம் வருஷம், நடவுக்கு முன்பே ஆட்கள் சொல்லிவிட்டார்கள்: "வண்டி போற நெலமா இருந்தா வர்றோம்பா."

அந்தச் சமயத்தில்தான் ராஜகோபால் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தான்.

"எதுக்குணா இந்த அவஸ்தை? அண்ணி பாவம். அந்த ஒண்ணேகால் காணிய எனக்கே குடுத்துடுங்க. வெல பாத்துப் போட்டுக் குடுக்கறேன்."

கோதண்டபாணிக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அவனுக்கு வேண்டியது பத்தடிப் பாட்டை இல்லை. வழியில்லாத நிலத்தை வேறு எவன் வாங்குவான்? அப்பாவும் தாத்தாவும் உழுத மண் தானாகவே அவன் வாய்க்குள் போய் விழ, அவன் ஒரு வேலியைப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அவரும் விடவில்லை. வருஷம் தவறாமல் புகார் கொடுத்தார். வருஷம் தவறாமல் கர்ணம் பி மெமோ எழுதினார். ராஜகோபால் அபராதம் கட்டினான். ஊரில் அவனுக்குத் தலைகுனிவு வரும், வெட்கப்பட்டு வேலியைப் பிரிப்பான் என்று இவர் ஒவ்வொரு தடவையும் எதிர்பார்த்தார். அவன் கட்டுகிற நாளில் டவுனுக்குப் போய்வரும்போது அல்வா வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தான்.

கிருஷ்ணவேணிதான் முதலில் முகர்ந்தாள். ராஜகோபாலின் பெண்டாட்டி தேவகி, ஒரு கல்யாணத்துக்குக் கட்ட முகூர்த்தப் புடவையை வெளியே எடுத்திருந்தாள். நல்ல அரக்குப் பட்டு. பக்கத்து வீட்டுக்காரியாக இவளும் பார்க்கப் போனாள். மடிப்பைப் பிரித்ததும் உள்ளேயிருந்து காகிதங்கள் விழுந்தன. தேவகி பதறிப்போய்ப் பொறுக்கி, சுருக்கம் நீவி, மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

"அபராத ரசீதுங்க" என்றாள் கிருஷ்ணவேணி வீட்டுக்கு வந்து. "அபராதம் கட்டினவன் ரசீதக் கிழிச்சிப் போடுவான். இவங்க பட்டுப்புடவ மடிப்புல வச்சிக்கினு இருக்காங்க. எதுக்கு?"

"குத்தம் பண்ணதுக்கு ரசீது வச்சிக்கினு இன்னா பண்ணுவான்? போ."

"நீ புகார் குடுக்கறத நிறுத்து. எனக்கு மனசே சரியில்ல."

"நிறுத்தினா அவன் ஜெயிச்சான்னு ஆயிடும்."

நிறுத்தியிருக்கலாம். ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று நம்புகிறவனை நிறுத்த யாரால் முடியும்? அந்த வருஷம் அவர் இன்னும் பலமான மனுவாக எழுத வேண்டுமென்று பிள்ளையார்பாளையத்துக்குப் போனார்.

அங்கே கலியாணசுந்தரம் என்று ஒரு நெசவாளர். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு தறியில் ஏறுகிற இடைவெளியில் மனு எழுதிக்கொடுப்பார். கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். அவர் கோதண்டபாணி எழுதிவந்ததைப் படித்து உதட்டைப் பிதுக்கினார்.

"பொடவையில உடம்ப மட்டும் நெய்து குடுத்தா எவன்பா வாங்குவான்? கரை வேணும், முந்தி வேணும். இன்னா எழுதியிருக்கே? 'வண்டி போக சிரமமாக உள்ளது.' சிரமம்னா படிக்கறவன் கொட்டாவி விடுவான்."

அவரே எழுதினார். கடைசியில் முந்தி மாதிரி ஒரு வரி போட்டார். 'கடந்த நான்கு வருஷ காலமாக மேற்படி பாட்டையில் ஒரு வண்டியோ, ஒரு மாடோ, ஒரு மனுஷ ஜீவனோகூடச் சென்றதில்லை என்பதைக் கண்ணீருடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"நான் போய்க்கினுதானே இருக்கேன்?" என்றார் கோதண்டபாணி. உண்மை. வேலியும் வரப்பும் சேர்கிற மூலையில் ஒரு சந்து உண்டு. தினமும் தண்ணீர் பாய்ச்ச அவர் அதில் நுழைந்து, பழைய பாட்டை ஓரமாகத்தான் நடந்தார். "இது பொய்யாச்சேபா."

"போறேன்னு எழுதினா, 'அதான் போறியே, அப்புறம் இன்னா கொறை'ன்னு கேப்பாங்க. போடுபா கையெழுத்த."

போட்டார். வாழ்நாளில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரே பொய் அதுதான்.

அந்த மனுவுக்குப் பதில் வர ஒரு வருஷம் ஆனது. ஜமாபந்தி முடிந்து உத்தரவு வந்திருப்பதாகத் தலையாரி சொல்லி அனுப்பினான். கோதண்டபாணி துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். கர்ணம் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"'மனுதாரர் கோதண்டபாணி தமது மனுவில் தாமே ஒப்புக்கொண்டுள்ளபடி, மேற்படி பாட்டையில் நான்கு வருஷ காலமாக ஒரு வண்டியோ, ஒரு மாடோ, ஒரு மனுஷ ஜீவனோ சென்றதில்லை. ஆகவே பாட்டை உபயோகத்தில் இல்லையென்று தெரியவருகிறது. மேற்படி இடம் ராஜகோபாலின் தொடர்ந்த அனுபவத்தில் இருந்துவருவதற்கு அவர் பி மெமோ ரசீதுகளை ஆஜர்படுத்தியுள்ளார். எனவே அவர் பேருக்குப் பட்டா வழங்கலாகிறது.'"

கோதண்டபாணி காகிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தார்.

"அந்த ரசீதெல்லாம் நான் புகார் குடுத்ததாலதானே சாமி வந்துது?"

"ஆமாம். நீ சும்மா இருந்திருந்தா அவன்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இருந்திருக்காது." கர்ணத்தின் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "அப்பீல் போடலாம். நீ அந்தப் பாட்டையில போய்க்கினு வந்துக்கினு இருக்கேன்னு காட்டணும். அனுபவ பாத்தியதைன்னு கேக்கலாம். ஆனா காகிதம் வேணும்."

"தெனம் நடந்து போறவனுக்கு யாரு சாமி காகிதம் குடுப்பாங்க?"

"அது எனக்குத் தெரியாதுப்பா."

குற்றம் செய்தவனுக்கு வருஷா வருஷம் காகிதம் கொடுத்த சர்க்கார், செய்யாதவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கோதண்டபாணி அன்று சாப்பிடவில்லை. ஐந்து வருஷம் தன் கையாலேயே, தன் செலவிலேயே, டவுனுக்கும் கிராமத்துக்கும் அலைந்து அலைந்து, அவனுக்குப் பட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கிருஷ்ணவேணி ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

தை வந்தது. கதிர் சாய்ந்து நின்றது. அறுக்க வந்த உறவுக்காரர்கள் நாலு பேரும், சுமக்க மட்டும் மாட்டோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். கட்டுகள் வயலில் கிடந்தன. மேற்கே மேகம் கறுத்தது.

பட்டப்பகலில், ஊர் பார்க்க, கோதண்டபாணி வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போய் வேலியைப் பிளந்தார். பலகையைப் பிடுங்கி வாய்க்காலில் போட்டார். மாட்டைப் பூட்டி வண்டியை உள்ளே விட்டு, கட்டுகளை ஏற்றி, ராஜகோபாலின் உளுந்துச் செடிமேல் திரும்ப ஓட்டிவந்தார். ஆத்திரத்தில் செய்ததுதான், அந்த நேரத்தில் அவர் மனசில் வேறு ஒரு யோசனையும் இல்லை.

தேவகி கத்தினாள். ராஜகோபால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். இரண்டாவது நடை சாலையைத் தொடுவதற்குள் தாவீது இரண்டு கான்ஸ்டபிள்களோடு வந்து நின்றார். ஐந்து வருஷத்தில் அந்த ஊர் மண்ணைப் போலீஸ் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"சிவில் மேட்டர்னீங்களே சார்?"

"அது அப்போ. இப்ப அவனுக்குப் பட்டா ஆயிடுச்சு. இது அத்துமீறல், கிரிமினல்." தாவீதால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏம்பா, எனக்கு மட்டும் ஆசையா? வா, ஸ்டேஷனுக்குப் போலாம்."

ஸ்டேஷனில் அதே பெஞ்ச். தாவீது இந்தத் தடவை பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். நேரம் எழுதினார். பேனா விறுவிறுவென்று ஓடுவதைக் கோதண்டபாணி பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் குனிந்திருந்த தலை மெதுவாக நிமிர்ந்தது.

"சார், சர்வே நம்பர் போட்டீங்களா?"

"எதுக்குபா?"

"போடுங்க சார். வண்டி ஒண்ணு. மாடு ரெண்டு. மனுஷ ஜீவன் ஒண்ணு. பாட்டை வழியாப் போனதுன்னு எழுதுங்க."

தாவீது பேனாவைத் தூக்கிக்கொண்டு அவரையே பார்த்தார். புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தார்போல. பிறகு அவருக்கும் மெல்லப் புரிந்தது. சர்வே நம்பரைப் போட்டார். அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

கோர்ட்டில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர்கள், தெருவில் சண்டை போட்டவர்கள் என்று ஒரு பத்துப் பேருக்கு நடுவில் அவரும் நின்றார். உடம்பெல்லாம் கூசியது. ஐம்பது வயசுக்கு அந்தப் படியை மிதித்ததில்லை. யாரோ ஒரு வக்கீல் காதோரம் வந்து, "போகலேன்னு சொல்லிடு, சாட்சி பலமா இல்லே" என்றார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"ஒத்துக்கறேன் சாமி. வண்டி ஓட்டிக்கினு போனேன். ஒரு தடவ இல்ல, ரெண்டு நடை. முன்னயும் போயிருக்கேன், தெனம் நடந்து போறேன். அதையும் எழுதிக்கணும்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அபராதம் விழுந்தது. அவர் கட்டினார், ரசீதை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், நகல் கிடைக்குமா என்று குமாஸ்தாவைக் கேட்டு, அதற்கும் எழுதிப் போட்டார்.

வெளியே புளியமரத்தடியில் கிருஷ்ணவேணி உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் ரசீதை அவள் கையில் கொடுத்தார்.

"இத்த வச்சிக்கினு இன்னா பண்றது?"

"உன் முகூர்த்தப் புடவ மடிப்புல வையி. அடுத்த தைக்கு ஒண்ணு வரும். அதுக்கு அடுத்த தைக்கு ஒண்ணு."

"வருஷா வருஷமா இங்க வந்து நிப்பே?"

"நிப்பேன்."

இப்படி ஒரு வழியில்தான் தன் நிலத்துக்கு வழி கிடைக்கும் என்றால், இத்தனை நாள் எதற்காகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்? அவர் மூக்கைச் சிந்திவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்.

"ஏறு."

"எதுல?"

"கேரியர்ல. கழுத்து வலிக்காரி நீ, எத்தினி மைல் நடப்பே?"

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு ரசீதை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். சைக்கிள் இரண்டு தடவை ஆட்டம் கண்டு நேரானது. கோர்ட்டு மூலையில் கான்ஸ்டபிள்களோடு நின்றிருந்த தாவீது அவர்களைப் பார்த்துத் தன்னையறியாமல் கையைத் தூக்கிவிட்டார்.

"யோவ் கோதண்டபாணி! டபுள்ஸ்!"

கோதண்டபாணி பிரேக் பிடித்தார். சீட்டைவிட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"எழுதிக்குங்க சார். ரசீது மட்டும் மறக்காமக் குடுத்துடுங்க."

கிருஷ்ணவேணி குதிக்கவில்லை.